கொதிக்கும் பழைய காருக்கு விசிறி வாங்கும் முன்

என்னிடம் அறுபதுகளில் செய்யப்பட்ட கார் ஒன்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், ஒற்றைக் கார்புரேட்டர், வாட்டர் பம்பின் முகத்தில் திருகப்பட்ட நான்கு இலை இரும்பு விசிறி, மின்சாரத்துக்கு டைனமோ. நெடுஞ்சாலையில் எத்தனை நேரம் ஓட்டினாலும் வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கும். நெரிசலில் சிக்கினால் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏறும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் ஆவி சீறத் தொடங்கிவிடும். இதைக் குளிர வைக்க ஒரு விசிறி வாங்கப் போய், ஒரு கோடைக்காலத்தையும் ஒரு நல்ல ரேடியேட்டரையும் ஒரு பேட்டரியையும் இழந்தேன். கணக்குப் பார்த்தால் அந்தப் பணத்தில் எஞ்சினையே பிரித்துச் செப்பனிட்டிருக்கலாம். பழைய காரோடு இதே அவதியில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உதிரிபாகம் விற்பவரிடம் பிரச்சினையைச் சொன்னதும் அவர் எடுத்து வைத்தது 16 அங்குல மின்விசிறி. இருப்பதிலேயே பெரியது, இருப்பதிலேயே அதிகக் காற்று இழுப்பது, இதைப் போட்டால் பழைய இரும்பு விசிறியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றார். பட்டறையிலும் அதையே சொன்னார்கள். வண்டி எப்போது கொதிக்கிறது, நிற்கும்போதா ஓடும்போதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று யார் என்னிடம் விசிறி பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஏனென்றால் நோயின் முக்கால் பங்கு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

வண்டி மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். விசிறி அங்கே வெறும் துணைதான். ஆகவே வேகத்தில் போகும்போது முள் ஏறுகிறது என்றால் விசிறியை மாற்றிப் பயன் இல்லை. ரேடியேட்டர் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், பம்பின் உறிஞ்சலில் கீழ் ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், பிளக்கில் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகத் தரலாம். நிற்கும்போது மட்டும் கொதிக்கிறது என்றால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினோடு சுற்றும் விசிறியின் காற்று, சுற்றும் வேகத்துக்கு நேர் விகிதத்தில்தான் கிடைக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் தருவதில் கால் பங்கைத்தான் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, தரும். எதிர்க்காற்று இல்லாத நேரம் பார்த்து விசிறியும் சோர்ந்துவிடுகிறது. இதுதான் என் காரின் நிலை. ஆக, விசிறியைக் கவனிப்பது சரியான முடிவுதான். எந்த விசிறி, எங்கே, எப்படி என்பதில்தான் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் பாழாகிப் போயின.

பட்டறையில் பழைய விசிறியைக் கழற்றினார்கள். ரேடியேட்டருக்கும் பம்புக்கும் இடையில் புதிய மோட்டார் நுழைய இடம் இல்லை. அதனால் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்பக்கம் வைத்தார்கள். விசிறியைத் தாங்கச் சட்டம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் பட்டைகளை ரேடியேட்டரின் தகடுகளுக்கு ஊடே குத்தி இழுத்துக் கட்டினார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சிறிய சுவிட்ச், அதிலிருந்து மெல்லிய கம்பி, கதை முடிந்தது. பெரிய மின்னோட்டத்தைச் சிறிய சுவிட்சால் இயக்க உதவும் ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. சுவிட்சைப் போட்டதும் பெரும் இரைச்சலோடு விசிறி சுற்றியது. அந்த இரைச்சலைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி மாளாது.

நிம்மதி நீடிக்கவில்லை. நெரிசலில் பழையபடியே கொதித்தது. அதைவிடக் கொடுமை, அதுவரை குளிர்ச்சியாக ஓடிய நெடுஞ்சாலையிலும் முள் ஏறத் தொடங்கியது. பட்டறைக்குத் திரும்பினால் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள், மாற்றம் இல்லை. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்று வண்டியை அங்கே விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் நல்ல காலம்.

வீட்டில் விசிறியை ஓடவிட்டு, கிரில்லுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தை நீட்டினேன். காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மாறாக அது படபடத்து என் முகத்தை நோக்கிப் பறந்தது. விசிறி காற்றை உள்ளே தள்ளாமல் வெளியே ஊதிக்கொண்டிருந்தது! நெடுஞ்சாலையில் உள்ளே வரும் காற்றோடு மல்லுக்கட்டியதால்தான் அங்கேயும் சூடேறியது. காரணம் தேடினால், என் கார் பாசிட்டிவ் எர்த் வண்டி. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். விசிறியின் சிவப்புக் கம்பியை சுவிட்சுக்கும் கறுப்புக் கம்பியை உடலுக்கும் கொடுத்திருந்தார்கள். நிரந்தரக் காந்த மோட்டார் என்பதால் மின்னோட்டம் திரும்பியதும் மோட்டாரும் திரும்பிவிட்டது. இரைச்சலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கம்பிகளை மாற்றிக் கொடுத்த சில நிமிடத்தில் நெடுஞ்சாலைக் கொதிப்பு என்ற புதிய நோய் காணாமல் போனது. எஞ்சினை இறக்கியிருந்தால்?

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒரே விசிறியை முன்னால் வைத்துத் தள்ளவும், பின்னால் வைத்து இழுக்கவும் பயன்படுத்தலாம் என்று விற்பார்கள். வளைந்த இலைகள் கொண்டதாக இருந்தால் கம்பியை மட்டும் மாற்றினால் போதாது. இலைச்சக்கரத்தையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் திசை சரியாக இருக்கும், காற்றின் அளவு வெகுவாகக் குறையும். எந்த விசிறியைப் போட்டாலும், யார் போட்டுக் கொடுத்தாலும், காகிதத்தை நீட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

திசை சரியானதும் நெரிசல் பிரச்சினையும் ஓரளவு குறைந்தது. அப்போதுதான் மின்சாரம் காலை வாரியது. இரவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியது, விசிறியின் சத்தம் இறங்கியது, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சுவிட்சைத் தொட்டேன், விரல் சுட்டது. அணைத்துவிட்டு ஓரம் கட்டினேன். பிறகு எஞ்சினைக் கிளப்பப் பேட்டரியில் உயிர் இல்லை. சாலையோரத்தில் தனியாக, ஆவி விடும் காரின் பக்கத்தில், அழுகை வரும் அளவுக்குச் சோர்ந்து நின்றேன். அந்தப் பேட்டரி அதற்குப் பிறகு தேறவே இல்லை.

கணக்கு எளியது, கடையில் யாரும் போட்டுக் காட்டாத கணக்கு. அந்தக் காலத்து டைனமோக்கள் பலவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது 20 ஆம்பியரை ஒட்டியே தரும். ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதற்குத்தான். 16 அங்குல விசிறி ஓடும்போதே 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். இரண்டு ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், இக்னிஷனுக்கு மூன்று நான்கு, மழை பெய்தால் வைப்பருக்கு வேறு. விசிறி அதிகம் தேவைப்படும் இடம் ஐடிலிங். டைனமோ கைவிடும் இடமும் அதே ஐடிலிங். ஆகவே உங்கள் காரில் டைனமோ இருந்தால், பெரிய மின்விசிறி என்பது, ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை டைனமோவுக்குப் பதில் போடுவதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆல்டர்னேட்டருக்கு மாறும்போது பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கும் மாற வேண்டிவரும்; ரேடியோ, எஞ்சின் சுற்றைக் காட்டும் மின் டேக்கோமீட்டர் போன்றவை அதனால் பாதிக்கப்படும்.

பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் காற்றின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அந்த எண், பெரும்பாலும் விசிறியைத் திறந்த வெளியில் சுற்றவிட்டு எடுத்தது. முன்னாலோ பின்னாலோ ரேடியேட்டர் என்ற தடை வந்ததும் அது வெகுவாக இறங்கிவிடும். ரேடியேட்டரின் குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியைக் கோர் என்பார்கள்; அது அடர்த்தியான மூன்று வரிசை, நான்கு வரிசைக் கோர் என்றால் இன்னும் இறங்கும். அந்த எண்ணைவிட எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை நான் அதிகம் நம்புகிறேன். காற்றைத் தள்ளுவது உழைப்பு. உழைப்புக்கு மின்சாரம் வேண்டும். மலையளவு காற்றைச் சொல்லிவிட்டு ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும் என்று ஒரு விசிறியைக் காட்டினால், அதில் ஏதோ ஒன்று பொய்.

அடுத்து வந்தது ரேடியேட்டரின் சாவு. காருக்கு அடியில் பச்சைச் சொட்டுகள். பிளாஸ்டிக் பட்டைகள் ஓட்டத்தின் அதிர்வில் தகடுகளை அரைத்து, ஒரு குழாயைத் துளைத்திருந்தன. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அந்தக் குழாயை மட்டும் அடைக்க முடியவில்லை. பக்கத்துக் குழாய்களும் தேய்ந்திருந்ததால் கோரையே மாற்ற வேண்டியதாயிற்று. மொத்தக் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான், ஏனென்றால் இதற்குத் துளியும் அவசியமே இல்லை. ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களிலோ உடலின் குறுக்குச் சட்டத்திலோ இரண்டு இரும்புப் பட்டைகளைத் திருகி, அதில் ரப்பர் வாஷர் வைத்து விசிறியைப் பொருத்துவது அரை நாள் வேலை. கோருக்குள் எதையாவது குத்தப் போகிறோம் என்று ஒருவர் சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புதிய கோர் வந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து, இந்த முறை நானே, தொடங்கினேன். பழைய இரும்பு விசிறியைத் திரும்ப மாட்டினேன். பிறகு அளந்தேன். பழைய கார்களில் வெப்பமானி முள்ளை அப்படியே நம்பிவிடக்கூடாது. பலவற்றில் மீட்டர்களுக்குச் சீரான மின்னழுத்தம் தர டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, தெர்மோஸ்டாட் கூட்டின் மேலும் ரேடியேட்டர் முழுவதும் குறிவைத்துப் பார்த்தேன். பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும். கறுப்புப் பூச்சு உள்ள இடத்தில் குறிவைக்க வேண்டும். கோரின் நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைப்பு என்று பொருள்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 111 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதன் ரப்பர் இறுகிப் போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும். எஞ்சின் அதே சூட்டில்தான் இருக்கும், ஆனால் கெட்ட மூடியில் கொதிக்கும், நல்ல மூடியில் கொதிக்காது. இதைக் கேட்டுவிட்டு நவீன காரின் 15 பவுண்டு மூடியைப் பழைய ரேடியேட்டரில் போட்டுவிடாதீர்கள். ஈயப் பற்றவைப்பு பிரிந்துவிடும். எடுத்தெறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் 82 டிகிரியில் திறக்கும் புதியது ஒன்றைப் போட்டேன். டைமிங்கைச் சரிபார்த்தேன். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலம் தாழும் அளவுக்கு இறுக்கினேன். அது வழுக்கினால் விசிறியும் பம்பும் சேர்ந்தே சோர்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நெரிசலில் சூடு ஏறத்தான் செய்தது, ஆனால் மெதுவாக. அடுத்து நான் செய்த வேலைதான் காரைக் காப்பாற்றியது. அதுவும் விசிறி இல்லை, விசிறியைச் சுற்றிய கூண்டு. ஷ்ரவுட் என்பார்கள். என் காரில் பிறவியிலேயே அது கிடையாது. கோர் 20 அங்குல அகலம், 18 அங்குல உயரம். 360 சதுர அங்குலம். 16 அங்குல விசிறி என்றாலும் அதன் வட்டம் ஏறத்தாழ 200 சதுர அங்குலம்தான். கூண்டு இல்லாவிட்டால் வட்டத்துக்கு நேராக உள்ள பகுதி வழியாகத்தான் காற்று வரும், நான்கு மூலைகளும் சும்மா இருக்கும். போதாததற்கு, விசிறி தள்ளிய சூடான காற்றே இலைகளின் ஓரமாகச் சுற்றி மறுபடி முன்னால் வரும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, திருத்தி, அந்த அளவில் அலுமினியத் தகட்டில் ஒரு கூண்டு செய்தேன். கோரை முழுதாக மூடி, விசிறியைச் சுற்றி ஒரு வளையத்தில் முடியும் பெட்டி. இலையின் அகலத்தில் பாதி வளையத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். இலையின் நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் ஓர் அங்குலம் விட்டேன். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும், இடைவெளி குறைந்தால் இலை தகட்டில் அடிக்கும். கோருக்கும் கூண்டுக்கும் இடையிலான சந்தில் நுரைப்பட்டை ஒட்டினேன். ரேடியேட்டரின் பக்கவாட்டில் காற்று தப்பிப் போகும் ஓட்டைகளையும் ரப்பர் தகட்டால் அடைத்தேன்.

முதல் முறை கூண்டோடு ஓடவிட்டு ரேடியேட்டரின் மேல் மூலையில் காகிதத்தை வைத்தேன். அதுவரை அசையாமல் விழுந்த இடத்தில் இப்போது அது தகட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் ஐடிலிங்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாய்விட்டுக் கத்தினேன், வீட்டில் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள்.

கடும் வெயிலில் நீண்ட நெரிசலுக்காக மட்டும், முன்பக்கம் 10 அங்குலச் சிறிய மின்விசிறி ஒன்றைப் பட்டைச் சட்டத்தில் பொருத்தினேன். 7 ஆம்பியர்தான் இழுக்கிறது. பகலில் கொஞ்ச நேரத்துக்குப் பேட்டரியே தாங்கிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, ரிலே, விசிறி என்று நேராகப் போகிறது. ரிலேயில் 30ஆம் முனை பேட்டரிக்கு, 87 விசிறிக்கு, 85ம் 86ம் சுவிட்ச் சுற்றுக்கு. டாஷ்போர்டு வழியாக விசிறியின் மின்சாரம் போகவே இல்லை. தானாக இயங்க வெப்ப சுவிட்ச் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட அது சுமார் 10 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். 82க்கு 92 பொருத்தம். அதற்குக் குறைவானதைப் போட்டால் விசிறி நிற்காமலே ஓடும். இரண்டாவது, மேல் ஹோஸை வெட்டி இடையில் அலுமினிய இணைப்பு வைத்து அதில் சுவிட்சைத் திருகினால், இருபுறமும் ரப்பர் என்பதால் அந்த இணைப்புக்கு எர்த் கிடைக்காது. இரண்டு முனை உள்ள சுவிட்சை வாங்குங்கள். ஹோஸின் வாயில் மெல்லிய உணர்குழாயைச் செருகி கிளிப் போட்டு இறுக்கும் வகை என்றாவது ஒருநாள் கசியும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முழுக்க மின்விசிறிக்கே போக விரும்புகிறவர்கள், ஆல்டர்னேட்டர் இருந்தால் தாராளமாகப் போகலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்து இழுக்கும் வகையே சிறந்தது. முன்னால் வைத்தால் வேகத்தில் வரும் காற்றை மோட்டாரும் சட்டமும் மறைக்கும். வாங்கும் முன் கோருக்கும் பம்பின் முகத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரின் முழுத் தடிமனையும் கேட்டு ஒப்பிடுங்கள். கூண்டோடு வரும் விசிறியைத் தேடுங்கள். கூண்டு கோரை முழுதாக மூடினால், வேகத்தில் காற்று வெளியேற அதில் ரப்பர் கதவுகள் இருப்பது நல்லது. பெரிய விசிறிக்கு 30 ஆம்பியர் ஃபியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் வேண்டும். குளிர்சாதனம் சேர்த்த காராக இருந்தால் முன்னால் அதன் கண்டென்சரும் (ரேடியேட்டர் போலவே இன்னொரு தகட்டுப் பலகை) தடையாக நிற்கும் என்பதால் சிறிய விசிறியை நம்பிப் பயனில்லை. சிலிகோன் திரவம் அடைத்த கிளட்ச் வழியாகச் சுற்றும் விஸ்கஸ் விசிறி பிறவியிலேயே உள்ள கார் என்றால், எதையும் வாங்கும் முன் எஞ்சினை அணைத்து, அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். சூடான எஞ்சினில் அது ஒரு தடையும் இல்லாமல் பல சுற்று ஓடினால் அந்தக் கிளட்ச் போய்விட்டது. அதை மாற்றினாலே போதும்.